உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிறவனுக்கு மரணபயம் இருக்கலாமா?

கேள்வி — பதிந்தவர்: இராவிழிப்பு

அனைவருக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள். சில மாதங்களாக மனதில் உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றை இங்கே கேட்கத் துணிகிறேன்.

நான் விசுவாசக் குடும்பத்தில் வளர்ந்தவன். சரீரம் உயிர்த்தெழுதலும் நித்திய ஜீவனும் உண்டென்று ஆராதனைதோறும் சபையோடு சேர்ந்து அறிக்கையிடுகிறேன். அதை வெறும் வாய்ப்பாடமாகச் சொல்லவில்லை, உண்மையென்று அறிந்தே சொல்கிறேன். ஆனால் என் தகப்பனார் தேறமாட்டார் என்று மருத்துவர்கள் சொன்ன பிறகு, பகலில் என்னோடு இருக்கிற அந்த நிச்சயம் இரவில் எங்கேயோ போய்விடுகிறது. அவருடைய மரணத்தை நினைக்கத் தொடங்கி என் மரணத்தில் வந்து நிற்கிறேன். நான் என்கிற ஒருவன் இல்லாமல் உலகம் நடந்துகொண்டிருக்கும் என்ற எண்ணம் வந்தவுடன் நெஞ்சு படபடக்கிறது, எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

இந்தப் பயம் ஒரே பயமாகவும் இல்லை. வேதனைப்பட்டுச் சாகவேண்டியிருக்குமோ என்று ஒரு நாள் அஞ்சுகிறேன். பிள்ளைகளை நிலைநிறுத்துவதற்கு முன்பே போய்விடுவேனோ என்று மற்றொரு நாள் கலங்குகிறேன். நான் விசுவாசித்ததெல்லாம் மனிதர் தங்களைத் தேற்றிக்கொள்வதற்காகச் சொல்லிக்கொண்டதாயிருந்தால் என்ன செய்வது என்னும் கேள்வி எப்போதாவது வருகிறது. வெளியில் சொல்லக் கூசுகிறேன் என்றாலும் அதுதான் எல்லாவற்றிலும் கொடியது.

எபிரெயர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரம், “ஜீவகாலமெல்லாம் மரணபயத்தினாலே அடிமைத்தனத்திற்குள்ளானவர்கள் யாவரையும் விடுதலைபண்ணும்படிக்கு” கிறிஸ்து மாம்சமும் இரத்தமும் உடையவரானார் என்று சொல்கிறது. அப்படியானால் விடுதலையாக்கப்பட்டவனுக்கு இந்தப் பயம் ஏன் வரவேண்டும்? ஒரு ஜெபக்கூட்டத்தில் இதைப் பற்றி மெதுவாகக் கேட்டபோது, பயம் இருக்கிற இடத்தில் விசுவாசம் இல்லை என்று ஒருவர் முடித்துவிட்டார். அதன் பிறகு பயத்தோடுகூட, பயப்படுகிறேனே என்கிற குற்றவுணர்வும் சேர்ந்துகொண்டது.

வேதவாக்கியம் வாக்களிக்கிற விடுதலை எத்தகையது? அது என் உணர்வில் ஏற்படவேண்டிய மாற்றமா, வேறு ஏதாவதா? விவாதத்துக்காகக் கேட்கவில்லை. தயவுசெய்து நிதானமாக எழுதுங்கள்.

மறுமொழி 1 — பதிந்தவர்: ஓய்வுபெற்ற மூப்பர்

அன்புள்ள சகோதரரே, நீங்கள் குறிப்பிட்ட வசனத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்களைக் குற்றப்படுத்துவதற்காகப் பயன்படுத்தப்படுகிற அந்த வசனம் உண்மையில் உங்கள் பக்கத்தில் நிற்கிறது.

அங்கே நிருபக்காரர் சொல்லுகிற விடுதலை அடிமைத்தனத்திலிருந்து கிடைக்கிற விடுதலை. மரணபயம் ஓர் எஜமானாக உட்கார்ந்து மனிதனை வாழ்நாள் முழுவதும் ஏவி நடத்துகிறது என்பதே அவர் காட்டுகிற நிலை. சாவை மறப்பதற்காகப் பொருளைச் சேர்க்கிறோம், பெயரை நிலைநாட்டப் பார்க்கிறோம், நோயாளியின் அறைக்குள் போகாமல் காரணம் சொல்லி விலகுகிறோம், உண்மையைச் சொன்னால் ஆபத்து என்று வாயை மூடிக்கொள்கிறோம். இவ்வளவையும் செய்விக்கிற எஜமானின் அதிகாரத்தைக் கிறிஸ்து முறித்தார். அதனால் அந்த எஜமானின் குரல் இனி ஒருபோதும் நம் காதில் விழாது என்று பொருள்கொள்ளத் தேவையில்லை. குரல் கேட்கலாம், கீழ்ப்படியவேண்டிய கட்டாயம் போய்விட்டது.

இப்படி நான் சொல்வது தப்பித்துக்கொள்ளும் விளக்கமாகத் தோன்றினால், அதே நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தைப் பாருங்கள். நம்மை மரணபயத்திலிருந்து விடுவித்தவரைப் பற்றி, “தம்மை மரணத்தினின்று இரட்சிக்க வல்லவரை நோக்கி, பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும்” விண்ணப்பம்பண்ணினார் என்று அங்கே எழுதியிருக்கிறது. கெத்செமனேயில் அவர் திகிலடையவும் மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார் என்று மாற்கு மறைக்காமல் சொல்கிறார். பாவமில்லாத தேவகுமாரன் மரணத்தின் முன் திகிலடைந்தார் என்றால், திகிலடைவதையே பாவம் என்றோ அவிசுவாசம் என்றோ சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. கிரேக்க ஞானி சோக்ரதேசு கி.மு. 399-இல் நஞ்சுக்கிண்ணத்தை வாங்கியபோது கலங்காமல் குடித்தார் என்றும், ஆத்துமா சரீரத்தின் கட்டிலிருந்து விடுபடப் போகிறது என்றே சாவை எண்ணினார் என்றும் அவருடைய மாணவர் எழுதிவைத்தார். அந்த அமைதியை நான் மதிக்கிறேன். ஆனால் சரீரத்தைச் சிறையென்று நாம் எண்ணுவதில்லை. தேவன் அதை உண்டாக்கி நல்லதென்று கண்டார். நல்லதாகப் படைக்கப்பட்ட ஒன்றைப் பிய்த்தெடுக்கிற மரணத்தைப் பவுல் “கடைசிச் சத்துரு” என்றே அழைக்கிறார். சத்துருவைக் கண்டு நடுங்குகிறவன் சத்துருவைச் சரியாகவே அடையாளம் கண்டிருக்கிறான்.

பவுலையே எடுத்துக்கொள்ளுங்கள். “சாவு எனக்கு ஆதாயம்” என்று பிலிப்பியருக்கு எழுதியவர், அதே நிருபத்தில், தம்முடைய உடன்வேலையாளாகிய எப்பாப்பிரோதீத்து மரித்திருந்தால் தமக்குத் துக்கத்தின்மேல் துக்கம் வந்திருக்கும் என்று ஒப்புக்கொள்கிறார். கொரிந்தியருக்கு எழுதும்போது, ஆசியாவில் நேரிட்ட உபத்திரவத்தில் பிழைப்போம் என்கிற நம்பிக்கையே அற்றுப்போயிற்று என்கிறார். அங்கே அவர் தம்முடைய மனவுறுதியை நம்பித் தேறவில்லை என்பதைக் கவனியுங்கள். எங்கள்மேல் நம்பிக்கையாயிராமல், “மரித்தோரை எழுப்புகிற தேவன்மேல்” நம்பிக்கையாயிருக்கும்படி அப்படி நேர்ந்தது என்று எழுதுகிறார்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். எல்லாமே மனிதர் தங்களைத் தேற்றிக்கொள்ளச் சொன்னதாயிருந்தால் என்ன செய்வது? அந்தக் கேள்வியை நீங்கள் முதலில் கேட்கவில்லை. கொரிந்து சபையில் சிலர் ஏற்கெனவே கேட்டார்கள். அவர்களுக்குப் பவுல், ஆறுதலாயிருக்கிறதே, வைத்துக்கொள்ளுங்கள் என்று பதில் சொல்லவில்லை. கிறிஸ்து எழுந்திராவிட்டால் உங்கள் விசுவாசம் வீண் என்று அவரே எழுதுகிறார். பொய்யான ஆறுதலை அவர் உங்களைவிடக் கடுமையாக மறுக்கிறார். அதற்கு முன்பே சாட்சிகளை வரிசைப்படுத்துகிறார்: கேபா என்கிற பேதுரு, பன்னிருவர், ஐந்நூறுபேருக்கு அதிகமான சகோதரர், யாக்கோபு, அப்போஸ்தலர் எல்லாரும், கடைசியில் தாம். அந்த ஐந்நூறுபேரில் அநேகர் இந்நாள்வரைக்கும் இருக்கிறார்கள் என்றும் சேர்க்கிறார். வேண்டுமானால் போய் விசாரியுங்கள் என்பதே அதன் உட்பொருள். சிலுவையிலறையப்பட்டு ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் எழுதப்பட்ட நிருபம் அது. ஆகவே கிறிஸ்தவ நம்பிக்கை என்பது சாவுக்குப் பிறகு ஏதோ நல்லது இருக்கும் என்கிற எதிர்பார்ப்பாக நிற்பதில்லை. ஒருவர் ஏற்கெனவே கல்லறையிலிருந்து எழுந்துவிட்டார், நித்திரையடைந்தவர்களில் முதற்பலனானார் என்கிற செய்தியின்மேல் அது நிற்கிறது. நடுஇரவில் உங்கள் நெஞ்சு படபடத்தாலும் படபடக்காவிட்டாலும் அந்தச் செய்தி மாறுவதில்லை.

இரவில் பயம் வரும்போது உங்களுக்குள் விசுவாசம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்க்காதீர்கள். அளக்க அளக்க அது குறைவாகவே தெரியும். “நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்” என்கிறது ஐம்பத்தாறாம் சங்கீதம். பயமும் நம்பிக்கையும் அங்கே ஒரே நாளில், ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன.

மறுமொழி 2 — பதிந்தவர்: வைராக்கியம்

மூப்பர் அவர்களுக்கு மரியாதையுடன் ஒரு மாற்றுக்கருத்து. பயத்தை இவ்வளவு இடங்கொடுத்துப் பேசுவது சகோதரரை அதிலேயே தங்கிவிடச் செய்யாதா? ஸ்தேவான் கல்லெறியப்பட்டபோது வானங்கள் திறந்திருக்கிறதைக் கண்டான். பயந்தான் என்று எழுதப்படவில்லை. விசுவாசத்துக்காக உயிர்விட்ட இரத்தசாட்சிகள் பாடிக்கொண்டே போனார்கள். தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல் பலமும் அன்பும் தெளிந்த புத்தியுமுள்ள ஆவியையே கொடுத்திருக்கிறார் என்று தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்டிருக்கும்போது, பயத்தைக் கண்டித்து விரட்டுவதுதானே முறை? சகோதரரைக் குற்றப்படுத்துவதற்காக இதை எழுதவில்லை. அவர் முழுமையான வெற்றியை அனுபவிக்கவேண்டும் என்ற ஆசையினால் எழுதுகிறேன்.

மறுமொழி 3 — பதிந்தவர்: சபை வரலாற்று வாசகி

சகோதரர் இரத்தசாட்சிகளைக் குறிப்பிட்டதால் இதில் சேர்ந்துகொள்கிறேன். அவர்களைப் பற்றி நாம் மேடைகளில் கேட்கிற சித்திரம், ஆதிச்சபை தானே எழுதிவைத்த சித்திரத்தோடு முழுவதும் ஒத்துப்போவதில்லை. எழுதிவைக்கப்பட்டதுதான் நமக்கு அதிகம் உதவும் என்பது என் எண்ணம்.

சிமிர்னா சபையின் கண்காணியாகிய (அதாவது ஆயராகிய) பொலிகார்ப்பு எண்பத்தாறு ஆண்டுகள் கிறிஸ்துவுக்கு ஊழியஞ்செய்தேன், அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை என்று சொல்லி அக்கினிக்குப் போனவர். அந்தச் சொற்களை எல்லாரும் அறிவோம். ஆனால் அவரைத் தேடுகிறார்கள் என்று தெரிந்தவுடன், நண்பர்கள் வற்புறுத்தியதால் அவர் நகரத்தைவிட்டு வெளியேறி ஒரு பண்ணைவீட்டில் தங்கினார் என்பதையும் அவருடைய மரணத்தைப் பற்றி அந்தச் சபை எழுதிய வரலாறு சொல்கிறது. அதே வரலாற்றில் பிரிகியாவிலிருந்து வந்த குவிந்துஸ் என்ற ஒருவன் வருகிறான். எவரும் பிடிக்காமலே தானாக முன்வந்து, பிறரையும் தூண்டிவிட்டு நின்ற அவன், காட்டுமிருகங்களைக் கண்டவுடன் நடுங்கி, கிறிஸ்துவை விட்டுத் தெய்வங்களுக்குப் பலியிட்டுவிட்டான். தாங்களாகவே போய் நிற்கிறவர்களை நாங்கள் புகழ்வதில்லை, சுவிசேஷம் அப்படிப் போதிக்கவில்லை என்று அந்தச் சபையார் அவனைச் சுட்டியே எழுதினார்கள். பயமில்லை என்று காட்டிக்கொள்வதை அவர்கள் விசுவாசத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ளவில்லை.

வட ஆப்பிரிக்காவிலிருந்த கார்த்தேஜ் நகரத்தின் கண்காணி சிப்ரியானும் இப்படித்தான். பேரரசன் தேக்கியுவின் காலத்தில், கி.பி. 250-இல் உபத்திரவம் தொடங்கியபோது அவர் மறைந்துகொண்டார். அதற்காகப் பலர் அவரைத் தூற்றினார்கள். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 258 செப்டம்பரில், அதே மனிதர் மரணதண்டனைத் தீர்ப்பைக் கேட்டு தேவனுக்கு ஸ்தோத்திரம் என்று சொல்லித் தலையைக் கொடுத்தார். இடைப்பட்ட காலத்தில் கொள்ளைநோய் பரவியபோது சபைக்கு அவர் எழுதிய புத்தி, நோய் விசுவாசிகளையும் பிடிக்கும், விசுவாசிகளும் சாவார்கள் என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறது. மரிப்பதற்கு வேண்டிய தைரியம் மரிக்கிற வேளைக்கென்று கொடுக்கப்படுகிறது என்றுதான் இந்த வாழ்க்கையைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுகிறது. இன்றிரவு படுக்கையில் கிடப்பவரிடம் அது இப்போதே இருக்கவேண்டும் என்று கேட்பது நியாயமில்லை.

மூப்பர் சொன்ன அடிமைத்தனம் முறிவதை மிகத் தெளிவாகக் காண்கிற இடம் இரத்தசாட்சிகளின் மேடைகூட இல்லை என்பேன். அதே மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சந்திரியாவில் கொள்ளைநோய் வந்தபோது, அந்த நகரத்தின் கண்காணி தியோனிசியு எழுதிய ஒரு கடிதத்தை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் காப்பாற்றி வைத்திருக்கிறார். ஊரார் தங்கள் சொந்த உறவினரையே தெருவில் தள்ளிவிட்டு ஓடியபோது, விசுவாசிகளில் பலர் நோயாளிகளின் அருகில் இருந்து, அவர்களைத் தொட்டுத் துடைத்து, இறந்தவர்களின் கண்களை மூடி, உடலைக் கழுவி அடக்கம்பண்ணினார்கள் என்றும், அவர்களில் அநேகர் அந்த நோயினாலேயே மாண்டார்கள் என்றும் அவர் எழுதுகிறார். அவர்களுக்கு உள்ளத்தில் பயம் இருந்ததா இல்லையா என்று கடிதம் சொல்லவில்லை. இருந்திருக்கலாம். ஆனாலும் போனார்கள்.

கேள்வி கேட்ட சகோதரரே, மரணத்தை நெருங்கிக்கொண்டிருக்கிற தகப்பனாரின் அருகில் நீங்கள் இருக்கிறீர்கள், விலகி ஓடவில்லை. உங்கள் நெஞ்சு படபடப்பதைப் பற்றி எழுதினீர்கள். இதை நீங்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை.

மறுமொழி 4 — பதிந்தவர்: மாலைச்செபம்

நான் கத்தோலிக்கன். சொற்கள் சற்று வேறாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேலே எழுதப்பட்டவற்றோடு உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். மரணத்தை இரவில் தனியாக எதிர்கொள்ளும்போதுதான் அது இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. திருச்சபை அதை நாள்தோறும் சிறிது சிறிதாக, மற்றவர்களோடு சேர்ந்து எதிர்கொள்ளக் கற்றுக்கொடுத்திருக்கிறது. இரவுச் செபத்தில் சிலுவையில் ஆண்டவர் சொன்ன “தந்தையே, உம் கையில் என் உயிரை ஒப்படைக்கிறேன்” என்னும் சொற்களை ஒவ்வொரு நாளும் சொல்லிவிட்டு, அமைதியுடன் போகச் செய்யும் என்று குழந்தை இயேசுவைக் கண்ட சிமியோன் பாடிய பாடலோடு படுக்கைக்குப் போகிறோம். செபமாலையில் ஒவ்வொரு அருள்நிறை மரியே செபத்திலும் நம் இறப்பின் வேளையைப் பெயர்சொல்லிக் குறிப்பிடுகிறோம். சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரும் 1519-இல் மரணத்துக்கு ஆயத்தமாவதைப் பற்றிப் போதிக்கையில், சாவு தொலைவில் இருக்கும்போதே அதை நினைத்துப் பழகவேண்டும், நெருங்கிவந்த பிறகு கிறிஸ்துவை மட்டுமே பார்க்கவேண்டும் என்றார். நாம் பொதுவாகச் செய்வது இதற்கு நேர்மாறு: நலமாயிருக்கும்போது சாவை நினைப்பதில்லை, நோயில் விழுந்தபிறகு வேறொன்றையும் நினைப்பதில்லை.

புனித அகுஸ்தீனின் தாய் மோனிக்கா 387-இல், சொந்த நாட்டுக்குத் திரும்பும் வழியில், ஒஸ்தியா துறைமுகத்தில் இறந்தார். தம் கணவரின் பக்கத்தில் அடக்கம் செய்யப்படவேண்டும் என்று அதற்கு முன்பு மிகவும் கவலைப்பட்டவர் அவர். கடைசி நோயில், இந்த உடலை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், ஆண்டவரின் பீடத்தருகே என்னை நினைத்துக்கொள்ளுங்கள், அது போதும் என்றார். ஊரைவிட்டு இவ்வளவு தொலைவில் உடலை விட்டுச்செல்ல அச்சமில்லையா என்று கேட்டவர்களுக்கு, கடவுளுக்கு எதுவும் தொலைவில்லை என்று பதில் சொன்னார். விடுதலை எப்படியிருக்கும் என்று கேட்டீர்களே, எனக்கு இது நினைவுக்கு வந்தது. நீண்டகாலம் பற்றிக்கொண்டிருந்த ஒன்றை அவர் கைவிட்டார். நம்பிக்கை அதற்கு இடம்கொடுத்தது.

இதில் மகனுடைய நிலையையும் பாருங்கள். அழுதால் நம்பிக்கையற்றவன் ஆகிவிடுவேன் என்று எண்ணி, அடக்கம் முடியும்வரை அகுஸ்தீன் கண்ணீரை அடக்கினார். பிறகு தனிமையில், இறைவன் திருமுன், தாயை நினைத்து அழுதார். அந்தக் கண்ணீருக்காக என்னைப் பழிக்கிறவன் பழிக்கட்டும் என்ற பொருள்பட அதை எழுதியும் வைத்தார். தெசலோனிக்கருக்குத் திருத்தூதர் எழுதியதும் துயருறாதீர்கள் என்றல்ல. எதிர்நோக்கு இல்லாதவர்களைப்போலத் துயருறாதீர்கள் என்றே எழுதினார். இலாசரை எழுப்பப் போகிறவர், எழுப்பப் போகிறோம் என்று தெரிந்திருந்தும், கல்லறைக்குப் போகிற வழியில் கண்ணீர் விட்டார். தந்தைக்காக அழவேண்டிய நாள் வரும்போது எவர் பேச்சையும் கேட்டு அதை அடக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர் — இராவிழிப்பு

இவ்வளவு அக்கறையோடு எழுதிய அனைவருக்கும் நன்றி. சகோதரர் வைராக்கியம் எழுதியதும் அன்பினால்தான் என்று அறிவேன்.

இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதலாவது, நியாயத்தீர்ப்பைப் பற்றியது. இல்லாமற்போவேன் என்ற பயம் தணிகிற நேரத்தில், இருந்து கணக்கு ஒப்புவிக்கவேண்டும் என்ற பயம் எழுகிறது. “பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும், பயப்படுகிறவன் அன்பில் பூரணப்பட்டவன் அல்ல” என்று யோவான் எழுதியதை வாசிக்கும்போது, என்னுடைய அன்பு பூரணமானதில்லை என்பது எனக்கு நன்றாகவே தெரிகிறது.

இரண்டாவது, என் தகப்பனாரைப் பற்றியது. அவரும் பயப்படுகிறார் என்று நினைக்கிறேன். ஆனால் வாய்திறந்து சொல்வதில்லை. வீட்டில் அனைவரும் சீக்கிரம் குணமாகிவிடும் என்றே அவரிடம் பேசுகிறோம். இதை மாற்றலாமா, மாற்றினால் எப்படிப் பேசுவது?

மறுமொழி 5 — பதிந்தவர்: ஓய்வுபெற்ற மூப்பர்

சகோதரரே, முதல் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். இரண்டாவதற்கு என்னைவிடத் தகுந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

அந்த வாக்கியத்தை முந்தின வசனத்திலிருந்து பிரித்து வாசிக்காதீர்கள். நியாயத்தீர்ப்புநாளில் நமக்குத் தைரியம் உண்டாயிருக்கவேண்டும் என்பதே அங்கே யோவானின் நோக்கம். நடுங்குகிறவர்களை இன்னும் நடுங்கவைக்க அவர் எழுதவில்லை. பயத்தைத் தள்ளுகிற அன்பு எங்கே தொடங்குகிறது என்பதை அடுத்த வசனம் சொல்கிறது: “அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தபடியால்” என்று. ஆகவே நீங்கள் தேவனிடத்தில் எவ்வளவு அன்புகூருகிறீர்கள் என்று அளந்து, அந்த அளவுக்குத் தக்கபடி தைரியங்கொள்ளவேண்டும் என்பதில்லை. அவர் உங்களிடத்தில் கூர்ந்த அன்பு குமாரனைக் கொடுக்குமட்டும் போயிற்று; அதைப் பார்க்கப் பார்க்கத் தைரியம் வளருகிறது. அதே நிருபத்தில் இதற்கு முந்தின அதிகாரத்தில் ஒரு வசனம் உண்டு. அதை மனப்பாடமாக்கிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்: நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார். சகலத்தையும் என்றால் நீங்கள் வெளியில் சொல்லக் கூசுகிற கேள்வியையும் சேர்த்துத்தான்.

நியாயத்தீர்ப்பைப் பற்றிய உங்கள் பயத்தை அர்த்தமற்றது என்று நான் ஒதுக்கமாட்டேன். மரணத்தின் கூர் பாவம் என்று பவுலும் சொல்கிறார். மரணத்தில் உண்மையாகவே கூர்மையானது அதுதான், மற்றவை அதற்கு அடுத்தபடியானவை. இல்லாமற்போவதைப் பற்றி மட்டும் பேசி ஆறுதல் சொல்கிறவர்கள் இந்தக் கூரைத் தொடுவதே இல்லை. எபிகூரு என்ற கிரேக்க ஞானி, மரணம் இருக்கும்போது நாம் இருக்கப்போவதில்லை, நாம் இருக்கும்போது மரணம் இல்லை, ஆகவே அது நமக்கு ஒன்றுமில்லை என்றார். குற்றவுணர்வோடு படுத்திருக்கிற மனிதனுக்கு அந்தத் தர்க்கத்தில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

சீர்திருத்தச் சபைகள் விசுவாசத்தைக் கேள்வி-பதிலாகக் கற்பிக்கிற, 1563-இல் வெளியான ஹைடல்பர்க் வினாவிடை இங்கே கைகொடுக்கிறது. அதன் முதல் வினா, வாழ்விலும் சாவிலும் உனக்கு இருக்கிற ஒரே ஆறுதல் என்ன என்பது. நான் எனக்குச் சொந்தமானவன் அல்ல, சரீரத்தோடும் ஆத்துமாவோடும், வாழ்விலும் சாவிலும், என் உண்மையுள்ள இரட்சகராகிய இயேசுகிறிஸ்துவுக்கே சொந்தமானவன் என்பது அதற்கு விடை. பயத்தின்போது நாம் கேட்கிற கேள்வியை இந்த விடை மாற்றிவிடுகிறது. என்னைக் காத்துக்கொள்ள என்னால் முடியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தவன், என்னை உடையவர் யார் என்று கேட்கத் தொடங்குகிறான். ஐம்பத்திரண்டாம் வினாவில், உயிருள்ளவர்களையும் மரித்தவர்களையும் நியாயந்தீர்க்கக் கிறிஸ்து வருவார் என்பது உனக்கு எப்படி ஆறுதலாகும் என்றே நேராகக் கேட்கப்படுகிறது. எனக்காக முன்பே தேவனுடைய நியாயத்தீர்ப்புக்குத் தம்மை ஒப்புக்கொடுத்து, என்மேலிருந்த சாபத்தை நீக்கின அவரையே நியாயாதிபதியாக எதிர்பார்த்திருக்கிறேன் என்பது விடை. நீங்கள் கணக்கு ஒப்புவிக்கப்போகிற நியாயாசனத்தில் உட்கார்ந்திருப்பவருடைய கைகளில் ஆணித்தழும்பு இருக்கிறது. இதை நம்புகிற அளவில் அல்ல, இது உண்மையாயிருக்கிற அளவிலேயே நீங்கள் பத்திரமாயிருக்கிறீர்கள்.

மறுமொழி 6 — பதிந்தவர்: நோயாளிகளோடு இருப்பவள்

ஐயா, நான் செவிலியராகப் பணியாற்றுகிறவள். குணமாகமாட்டார்கள் என்று தெரிந்த நோயாளிகளைக் கவனிக்கிற பிரிவில் இருக்கிறேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பணியிலிருந்து சில சொல்கிறேன்.

உங்கள் தகப்பனாருக்குத் தம் நிலை பெரும்பாலும் தெரிந்திருக்கும். வீட்டார் பொய் சொல்லும்போது, அவர்களுடைய மனம் நோகக்கூடாதே என்று நோயாளியும் பதிலுக்குப் பொய் சொல்லத் தொடங்குகிறார். கடைசியில் அனைவரும் ஒரே வீட்டில் தனித்தனியாகப் பயப்படுகிறார்கள். ஆகவே மாற்றலாம் என்றே சொல்வேன். ஆனால் நீங்களாகச் செய்தியை அறிவிக்கவேண்டியதில்லை. அவர் ஓய்வாக இருக்கிற ஒரு நேரத்தில், வேறு எவரும் இல்லாதபோது, அப்பா, உங்களுக்கு எதைப் பற்றியாவது கவலையாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, அவர் பேசும்வரை காத்திருங்கள். அவர் பேச்சை மாற்றினால் விட்டுவிடுங்கள். வேறொரு நாள் கேட்கலாம். அவர் சொல்லத் தொடங்கினால், அப்படியெல்லாம் பேசாதீர்கள் என்று மட்டும் தடுத்துவிடாதீர்கள். அந்த ஒரு வாக்கியத்தோடு வாய் மூடிப்போன எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

அவருடைய பயம் நீங்கள் நினைக்கிறதாக இல்லாமலும் இருக்கலாம். பலர் மரணத்தைவிட வேதனைக்கும் மூச்சுத்திணறலுக்கும், பிறருக்குப் பாரமாகிவிடுவதற்கும், ஒருவரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில் உயிர் போய்விடுமோ என்பதற்கும் அஞ்சுகிறார்கள். வேதனைக்கும் மூச்சுத்திணறலுக்கும் மருந்து உண்டு. வலிநிவாரண மருத்துவர்களிடம் கேட்கத் தயங்காதீர்கள். விசுவாசிகளின் குடும்பங்களில், வலியைச் சகிப்பதுதான் ஆவிக்குரிய காரியம் என்றெண்ணி மருந்தைக் குறைக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்யவேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். வலி அடங்கிய பிறகுதான் பலரால் ஜெபிக்கவே முடிகிறது.

ஜெபத்தைப் பற்றி: சுருக்கமாக ஜெபியுங்கள். பார்க்க வருகிறவர்கள் ஒவ்வொருவரும் நீண்ட ஜெபம் செய்தால் நோயாளி களைத்துப்போவார். அவர் சிறுவயதிலிருந்து அறிந்திருக்கிற பகுதிகளை மெதுவாக வாசியுங்கள். இருபத்துமூன்றாம் சங்கீதத்தை நான் அதிகமாக வாசித்திருக்கிறேன். அதில் மேய்ப்பரைப் பற்றி அவர் என்று பேசிக்கொண்டு வருகிறவர், மரண இருளின் பள்ளத்தாக்குக்கு வந்தவுடன், “தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்” என்று நேருக்குநேர் பேசத் தொடங்கிவிடுகிறார். பேச முடியாத நிலையில் இருக்கிறவர்களும் அந்த இடத்தில் உதடசைப்பதைக் கண்டிருக்கிறேன். அவர் கண்மூடிக் கிடந்தாலும் காதில் விழுகிறது என்று எண்ணியே பேசுங்கள்.

அவர் ஒருவேளை தேவன்மேல் கோபப்பட்டாலோ, விசுவாசமே போய்விட்டது என்று சொன்னாலோ பதறிப்போய் வாதாடாதீர்கள். அவருக்காக அந்த நேரத்தில் நீங்கள் விசுவாசியுங்கள். திமிர்வாதக்காரனை நாலுபேர் சுமந்துகொண்டு வந்தபோது இயேசு அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டார் என்றுதானே எழுதியிருக்கிறது. நற்கருணை எடுக்க விரும்புகிறாரா என்று கேளுங்கள். விரும்பினால், விழுங்கும் சக்தி குறைவதற்கு முன்பே போதகரிடம் சொல்லிவையுங்கள், பலர் இதைத் தள்ளிப்போட்டுவிடுகிறார்கள். யாரிடமாவது ஒப்புரவாகவேண்டியிருக்கிறதா, யாரையாவது பார்க்கவேண்டுமா என்பதையும் அவர் தெளிவாக இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். இரவில் நீங்களும் உங்கள் சகோதர சகோதரிகளும் முறைவைத்துக்கொண்டு அவர் அருகில் இருங்கள், ஏனென்றால் நீங்கள் ஒருவரே எல்லா இரவும் விழித்திருந்தால் உங்கள் உடலும் தாங்காது, பயமும் அதிகப்படும்.